பாண்டியன் கேஸை மொட்டைமாடியில் நடத்துவது எப்படி

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டு, கோவலன் கொலைக்கு "யார் மேல் தப்பு?" என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெரம்பூரில் எங்கள் மொட்டைமாடியில் நடந்த முதல் கூட்டம் அப்படித்தான் போனது. கோவலன் மேல்தான் தப்பு என்றார் ஒருவர். பாண்டியன் மேல் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் "எல்லாம் விதி" என்று கையை விரித்தார். அப்புறம் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினோம்.

நான் 1988 முதல் 2019 வரை இந்த ஊரில் கோர்ட்டு டைப்பிஸ்ட். முப்பத்தொரு வருடம் சாட்சிகளின் வாக்குமூலத்தை அடித்தவளுக்கு, ஒரு கதையைக் கையில் எடுத்தாலே அது கேஸ் கட்டாகத்தான் தெரியும். இரண்டாவது கூட்டத்திலிருந்து அந்த வழியிலேயே போனோம். ஏழு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. ஏழரைக்கு மேல் கொசு விடாது. உங்கள் தெருவிலும் நாலு பேர் சேர்ந்து சிலப்பதிகாரத்தையோ ஒரு கிரேக்க நாடகத்தையோ எடுத்துப் பேச நினைத்தால், நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முழு நூலையும் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள், படிக்காத வெட்கத்தில் வரவும் மாட்டார்கள். சிலம்பில் முப்பது காதை, அதாவது அத்தியாயம், இருக்கிறது. கொலைக்களக் காதை, வழக்குரை காதை இரண்டு மட்டும் போதும். சந்தி பிரித்து உரையோடு வந்த பதிப்பாகப் பார்த்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து உரை. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும்.

(ஒருமுறை மெரினாவில் கண்ணகி சிலைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கலாம் என்று போனோம். பொருத்தமான இடம்தான். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலை, 2001இல் எடுத்து, 2006இல் திரும்ப வைத்தார்கள். 1892இல் சிலம்பைப் பதிப்பித்த உ.வே.சா.வும் பக்கத்திலேயே மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலையாக நிற்கிறார். ஆனால் காற்றில் ஜெராக்ஸ் தாள் பறந்ததுதான் மிச்சம். மொட்டைமாடியே மேல்.)

வாசித்து முடித்ததும் ஒரு நீள நோட்டு எடுங்கள். நாலு கட்டம் போடுங்கள்: யார், என்ன செய்தார், அந்த நிமிடம் அவருக்கு என்ன தெரியும், கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும். நாலாவது கட்டம்தான் முக்கியம். கதையைப் படித்த நமக்கு எல்லாம் தெரியும் என்பதால், பாத்திரங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நம்மை அறியாமலே நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டம் அதைத் தடுக்கும்.

பாண்டியனை எடுத்துக்கொள்வோம். ஆடல் மகளிரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கோப்பெருந்தேவி ஊடலில் போய்விட்டாள். சமாதானம் செய்ய அவள் இருப்பிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான் மன்னன். வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அந்த நிமிடம் மன்னனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். சிலம்பு காணவில்லை. அதைத் திருடியவன் இவன்தான் என்று ஒருவன் சொல்கிறான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கக் கூடியது எவ்வளவோ. அவன் யார், எந்த ஊர், அவன் கையில் இருப்பது ஒற்றைச் சிலம்பா, அதன் உள்ளே ஒலிக்கப் போட்டிருக்கும் பரல் என்ன, ராணியுடையதில் என்ன பரல். கடைசிக் கேள்விக்கு விடை அவன் நடந்துபோய்க்கொண்டிருந்த அந்த அறைக்குள்ளேயே இருந்தது. அவன் காவலரைக் கூப்பிட்டு "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று சொல்லிவிட்டு மேலே நடந்துவிட்டான்.

இந்த இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிடுங்கள், தப்பில்லை. "கொல்ல" என்று சொல்ல வந்தவன் "கொன்று" என்று சொல்லிவிட்டான், வினை விளையும் நேரம் என்பதால் வாய் தவறியது என்று உரை சொல்கிறவர்கள் உண்டு. கொல்வதற்காகக் கொண்டு வா என்பதற்கும் கொன்றுவிட்டுக் கொண்டு வா என்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. இளங்கோவே "வினைவிளை காலம்" என்று சொல்கிறார்தான். ஆனால் அடுத்த அடியிலேயே "தேரான் ஆகி" என்கிறார். ஆராயாதவன் ஆகி. காலத்தையும் சொல்லி, ஆளையும் விடாமல் பிடிக்கிறார். பின்னால் கண்ணகி சபைக்குள் நுழைந்து வீசும் முதல் சொல்லும் அதுவே: "தேரா மன்னா."

தேர்தல் என்றால் நமக்கு ஓட்டுப் பெட்டிதான் ஞாபகம் வரும். இந்தக் கேஸில் அதற்கு ஆராய்ந்து தெளிதல் என்று பொருள். நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொருள் கைமாறிய வரிசை. கோர்ட்டில் கத்தியோ செயினோ வந்தால் அதற்கு "சா.பொ.1" (சான்றுப் பொருள்) என்று நம்பர் விழும். யார் எடுத்தார், யார் வைத்திருந்தார், யார் கொண்டுவந்தார் என்று ஒவ்வொரு கையாகச் சொல்ல வேண்டும். ஒரு கை விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே தொங்குவார். சிலம்பை அப்படிப் பாருங்கள். கண்ணகி காலிலிருந்து கோவலன் கைக்கு. அவனிடமிருந்து பொற்கொல்லன் பார்வைக்கு. கொலைக்குப் பிறகு காவலர் கைக்கு, அங்கிருந்து அரண்மனைக்கு. ராணியுடைய சிலம்பு போன வழி தனி. அது முன்பே பொற்கொல்லனிடம் போய்விட்டது. இரண்டு பொருள், ஒரே நம்பர். கேஸ் கெட்டது அங்கேதான்.

எங்கள் கூட்டத்தில் நகை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார். சௌகார்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தவர். இந்த வரிசையை எழுதிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பழைய வெள்ளித் தண்டை ஒன்று, பேத்தியுடையதாம். காதருகே வைத்து ஆட்டினார். என்னிடமும் கொடுத்தார். "கேட்டீங்களா மேடம்? உள்ளே இருக்கிறது மணி. முத்துன்னா இப்படிக் கேட்காது, மழுங்கலா கேட்கும். கல்லுன்னா சுருக்குனு இருக்கும். என்கிட்டே ரெண்டு சிலம்பையும் கொடுத்திருந்தா உடைக்கவே வேண்டாம். ஆட்டிப் பார்த்துட்டு, தராசுல வெச்சுட்டு, அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்." என்னுடைய சிலம்பில் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்களுடையதில் முத்து என்கிறான் மன்னன். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. முப்பது வருடம் கோர்ட்டில் இருந்தும் அந்தச் சபையில் ஒரு பத்தரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதில்லை. கூட்டத்தில் கைத்தொழில் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். வெறும் புத்தகம் படிக்கிறவர்கள் மட்டும் சேர்ந்தால் எல்லாரும் உவமை பேசுவோம்.

மூன்றாவது கூட்டத்தில் நான் ஒன்றைச் சொல்ல நேர்ந்தது. இதுவும் முறையின் ஒரு பகுதிதான் என்று பிற்பாடு புரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

1994. ஒரு அடிதடி கேஸ். அன்று நாலு சாட்சி. முதல் மூவரும் "எதிரியை எனக்கு முன்பே தெரியும்" என்று சொன்னார்கள். எங்கள் ஊர்க் கோர்ட்டு பாஷையில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். நாலாவது சாட்சி பூக்காரம்மா. தெரியாது என்றார். நீதிபதியும் என்னிடம் "தெரியாது" என்றே அடிக்கச் சொன்னார். என் விரல் "தெரியும்" என்று அடித்துவிட்டது. நாலு காப்பி, கார்பன் வைத்து. வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 278ஆம் பிரிவு இருந்தது. படித்தும் காட்டினார்கள். மணி ஐந்து தாண்டியிருந்தது, பூ வாடிக்கொண்டிருந்தது. அந்தம்மா தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் விரல் அடித்தது ஞாபகம் வந்தது. மறுநாள் மேலே இருந்தவர் ஒருவரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதும்மா, விடு" என்றார். விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து வேறு காரணத்துக்காக அந்த ஆள் விடுதலையானார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் மாடி வீட்டுப் பெண், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், கேட்டாள்: "அவருக்குத் தண்டனை ஆகியிருந்தா ஆன்ட்டி, உங்க தப்பு பெரிசாகியிருக்குமா?" நான் செய்தது இரண்டு விதத்திலும் ஒன்றே. அதே விரல், அதே எழுத்து, அதே மௌனம். ஆனால் ஒருவிதத்தில் நான் இதை ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு விதத்தில் சொல்லவே மாட்டேன். பாண்டியன் அன்று விசாரிக்காமல் விட்டு, தற்செயலாகக் கோவலன் உண்மையிலேயே திருடனாக இருந்திருந்தால்? "கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது" என்ற அவன் வாதம் அப்படியே நின்றிருக்கும். ஆராயாத குற்றம் அப்படியேதான் இருக்கும், பெயர் மட்டும் நல்லரசன்.

அதனால் இந்தக் கேள்வியை உங்கள் கூட்டத்திலும் ஒருமுறை கேளுங்கள்: முடிவு வேறாக இருந்திருந்தால் நம் தீர்ப்பு மாறுமா? விடை வராது, ஆனால் அதற்குப் பிறகு யாரும் பாத்திரங்களைச் சுலபமாகத் திட்ட மாட்டார்கள். யாராவது தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கு விசாரணை கூடாது. எழுதவும் கூடாது. டீ ஊற்றிக் கொடுங்கள்.

"தெரியாமல் செய்தான், பாவம்" என்று எப்போதும் ஒருவர் சொல்வார். அவருக்காக ஒரு சட்டப் பிரிவை வைத்திருக்கிறேன். 2024 வரை நடப்பில் இருந்த 1860ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 52. உரிய எச்சரிக்கையும் கவனமும் இல்லாமல் செய்ததை, நம்பியதை, நன்னம்பிக்கையோடு செய்ததாகச் சொல்ல முடியாது என்றது. அதாவது நல்ல மனதோடு நம்பினேன் என்பது மட்டும் போதாது, பார்த்து நம்பினாயா என்று கேட்டது. எத்தனை தீர்ப்பில் இதை அடித்திருப்பேன்! அடிக்கும்போது பாண்டியன் ஞாபகம் ஒருநாளும் வந்ததில்லை.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். பொருட்பாலில் 510ஆம் குறளைத் தனித்தாளில் எழுதி நடுவில் வையுங்கள்.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகப்படுவதும் தீராத துன்பம். மறுபடியும் அதே "தேரான்". முதல் பாதி பாண்டியன், பொற்கொல்லனை நம்பியவன். இரண்டாம் பாதிக்கு ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ, மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகப்பட்டுக் கொன்றவன், கச்சிதமாகப் பொருந்துவான். கோள் சொன்ன இயாகோவை ஆராயாமல் நம்பியதையும் சேர்த்தால் குறள் முழுக்க அவன் ஒருவனுக்கே போய்விடும். அங்கே சா.பொ.1 ஒரு கைக்குட்டை, ஸ்ட்ராபெர்ரிப் பழம் பின்னியது. ஒத்தெல்லோ கொடுத்தது, டெஸ்டிமோனா கையிலிருந்து விழுகிறது, எமிலியா எடுத்துப் புருஷன் இயாகோவிடம் கொடுக்கிறாள், அவளோடு சேர்த்துச் சந்தேகப்பட்ட காசியோவின் அறையில் இயாகோ போடுகிறான், அங்கிருந்து காசியோவின் தோழி பியான்காவிடம் போகிறது. ஒத்தெல்லோ பார்த்தது கடைசிக் கையை மட்டும். நடுவில் இருந்த கைகளை அவன் விசாரிக்கவே இல்லை. கைக்குட்டை எங்கே என்று டெஸ்டிமோனா தேடும்போது எமிலியா "தெரியாது" என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் ஒரு முழு மாதம் செலவழித்தோம். அவள் கடைசியில் உண்மையைச் சொல்லிச் சாகிறாள். பார்மசி வைத்திருக்கும் தம்பி மட்டும் "லேட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

சிலம்பிலேயே இரண்டாம் பாதிக்கு ஆள் உண்டு. கானல்வரியில் மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனம் வேறெங்கோ இருக்கிறது என்று எழுந்துபோனானே கோவலன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கொடுத்தனுப்பிய முதல் ஓலையை வாங்கவும் இல்லை. மதுரைக்குப் போகும் வழியில், அவள் மறுபடி அனுப்பி, கோசிகன் என்பவன் கொண்டுவந்த ஓலையைப் படித்த பிறகுதான், அவள் மேல் தீதில்லை, என் தீது என்று உணர்கிறான். ஆக, விசாரிக்காமல் தீர்ப்பு எழுதிய முதல் ஆள் பாண்டியன் இல்லை. கொலையுண்டவனே அதை ஏற்கெனவே ஒருத்திக்குச் செய்திருக்கிறான். இதை முதல் கூட்டத்தில் சொல்லாதீர்கள். கோவலனுக்காக எல்லாரும் உருகிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, அந்த ஓலை வரும் புறஞ்சேரி இறுத்த காதையை எடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு "அப்ப விசாரிச்சா தப்பிச்சுடலாம்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தைக் கொடுங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடகம். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய், பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும். ஈடிபஸ் விசாரிக்கிறான். பிரமாதமாக விசாரிக்கிறான், சாட்சி மேல் சாட்சியாகக் கூப்பிட்டு, சொல்ல மாட்டேன் என்பவர்களை மிரட்டி. நூல் அவன் காலையே சுற்றிக்கொள்கிறது. கொன்றவன் அவன்தான், கொல்லப்பட்டவன் அவன் அப்பா, மனைவியாக இருப்பவள் அம்மா.

டைப்பிஸ்ட் கண்ணுக்கு மட்டும் படுகிற ஓர் இடம் இதில் உண்டு. உயிர்தப்பி வந்த ஒரே சாட்சி, ஓர் இடையன், அரசனைக் கொன்றது கொள்ளைக்காரர்கள், பல பேர் என்று முன்பு சொல்லியிருக்கிறான். ஈடிபஸ் அதைப் பிடித்துக்கொள்கிறான். பலர் என்று இன்னமும் சொன்னால் நான் இல்லை, ஒருவன் பலராக முடியாது என்கிறான். அதற்காகவே அந்த இடையனை வரவழைக்கிறார்கள். இடையன் வந்து நிற்கிறான், ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை! பேச்சு, முன்பு அவன் கையில் கொடுத்த ஒரு குழந்தையை, அதாவது ஈடிபஸையே பற்றித் திரும்பிவிடுகிறது, எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அந்த வாக்குமூலத்தை நான் அடித்திருந்தால் நடுவில் எழுந்து "ஐயா, ஒரு கேள்வி விட்டுப்போச்சு" என்று சொல்லத் தோன்றியிருக்கும். சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

வயதான பிறகு, கொலோனஸ் ஊருக்கு வந்து சேரும் இன்னொரு நாடகத்தில், தெரியாமல் செய்தேன், சட்டப்படி நான் தூய்மையானவன் என்று அதே ஈடிபஸ் வாதாடுகிறான். கண்ணைக் குத்திக்கொண்டவனும் அவனே, நான் குற்றவாளி இல்லை என்பவனும் அவனே. பாண்டியன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே விழுந்தவனுக்கு, வயதாகி வாதாட நேரமே கிடைக்கவில்லை.

விதி என்ற சொல்லை எங்கள் மாடியில் முதல் ஒரு மணி நேரத்துக்குத் தடை செய்திருக்கிறோம். சொன்னால் பத்து ரூபாய். அந்தக் காசில்தான் சுண்டல். விதி பொய் என்பதால் இல்லை, சீக்கிரம் வந்தால் எல்லா வாயையும் அடைத்துவிடுகிறது என்பதால். ஒரு மணி நேரம் கழித்து மதுரையின் காவல் தெய்வமான மதுராபதியைப் பேச விடுங்கள். போன பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரசு ஊழியன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினாலு நாள் அழுது அலைந்து மலையிலிருந்து விழுந்தாள், அவள் இட்ட சாபம் இது. கவனித்துப் பார்த்தால் ஊழ் என்று வருவதும் ஒரு பழைய கேஸ்தான். அங்கும் பொய்க்குற்றம், விசாரணை இல்லாத தண்டனை, தெருவில் அழும் மனைவி. "ஊழிற் பெருவலி யாவுள" என்று 380இல் கேட்ட வள்ளுவர், 620இல் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறார். இரண்டையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் சண்டை போட விடுங்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், மாதத்துக்கு மாதம் மாறுகிறேன்.

கூட்டத்தை முடிக்கும்போது தீர்ப்பு எழுத வேண்டாம். வாய்தா போடுங்கள். நோட்டில் தேதி, விட்ட இடம், அடுத்த தடவை யார் யாருக்காகப் பேசுவார். பிடிக்காத பாத்திரத்துக்குத்தான் வக்காலத்து வாங்க வேண்டும் என்பது எங்கள் விதி (இந்த விதிக்கு அபராதம் இல்லை). போன மாதம் அந்தக் கல்லூரிப் பெண் பொற்கொல்லனுக்காகப் பேசினாள். பத்தர் மறுத்துவிட்டார்.

அவருக்கு வேறு ஒரு கேஸ் இருக்கிறது. சிலம்பின் முன்பகுதியில் உரைபெறு கட்டுரை என்று ஒன்று வரும், யாரும் நின்று படிப்பதில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் வந்து, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான், மழை பெய்தது என்கிறது. தீப்ஸில் நோய் தீர ஒருவனைத் தேடினார்கள், அது போதுமாக இருந்தது. இங்கே ஆயிரம். "அதுல எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால பார்த்திருப்பாங்க மேடம்?" என்று கேட்டார் பத்தர். நாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் நம்பர் போட்டு, எதிரே நிலுவை என்று எழுதி, அடுத்த சனிக்கிழமைத் தேதியைப் போட்டு வைத்தேன். இதோடு நாலு வாய்தா ஆகிவிட்டது.